பினாயில் சாரும் கிலோ சாரும்

பெற்றவர்கள் சேனாதிபதி என்று பெயர் வைத்தார்கள். கொடைக்கானல் நகராட்சி அவருக்குக் கொடுத்த சேனை நாலு துப்புரவு ஆட்கள், ஒரு தள்ளுவண்டி, ஒரு பினாயில் டின். சானிட்டரி இன்ஸ்பெக்டர் உத்தியோகம். அந்த நீளமான பெயரை ஊரில் யாரும் சொன்னதில்லை. பினாயில் சார் வீடு எது என்று கேட்டால் ஏரிக்கரைக் குதிரைக்காரன் கூட வழி காட்டுவான். அந்தப் பெயரால் அவருக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியாது. வருத்தமெல்லாம் கிலோ சார் வந்த பிறகு வந்ததுதான்.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. நாயுடுபுரத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம், நடுவில் தகரத் தடுப்பு. அவர் வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அதனால், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். காதில் விழுந்தது கொஞ்சம். பஜாரில் என் தையல் கடைக்கு எதிரிலேயே நடந்தது கொஞ்சம். மிச்சத்தை அவரே பிற்பாடு என் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு குத்தகைக்கு எடுத்தவர் மகன் அவர். அம்மை குத்தும் வேலைக்கு மலையேறி வந்து, பரீட்சை எழுதி இன்ஸ்பெக்டர் ஆனார். சாக்கடை அடைத்தால் அவர்தான், பாலில் தண்ணீர் என்றால் அவர்தான். பொதுத் தொல்லை என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டாம். அதற்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம் என்பதை எங்கள் ஊர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. அடுத்த வீட்டுப் புகைக்கூண்டு என் துணியைக் கறுப்பாக்குகிறது என்று ஒருத்தி வருவாள். குதிரைச் சாணம் வழுக்கி விழுந்தேன் என்று சீசனுக்கு வந்த ஒரு வக்கீல் வருவார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பக்கத்து வீட்டுச் சேவல் தன்னைத் தூங்க விடுவதில்லை என்று புகார் கொடுத்தாள். சேனாதிபதி சேவலைப் போய்ப் பார்த்தார், கிழவியையும் போய்ப் பார்த்தார். விடிகிற வரைக்கும் சேவலைக் கூடை போட்டு மூடி, மேலே ஒரு கம்பளியைப் போடச் சொன்னார். கம்பளி கிழவி செலவு. இருதரப்பும் திருப்தி. இப்படி ஒரு மூளை அவருக்கு.

வெள்ளனே எழுந்து காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு வரும்போது இரண்டு மூன்று பேராவது புகாரோடு நிற்க வேண்டும். யாரும் நிற்காத அன்று அவருக்குக் காபி இறங்காது. ஊரிலுள்ள அழுக்கெல்லாம் தன் வாசலுக்கு வந்தால்தான் தான் ஒரு ஆள் என்று நினைக்கிற மனிதர். கை சுத்தம். கடைக்காரன் கொடுக்கும் ஒரு வாழைப்பழத்தைக் கூட வாங்க மாட்டார். கொடுக்கிற பழக்கம்தான் உண்டு.

அது திருநீறு. அவருடைய மாமனார் நல்லுசாமிக்குப் பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை. வருசா வருசம் தைப்பூசத்துக்குப் போய்வரும்போது ஒரு தகர டின் நிறையத் திருநீறு கொண்டுவந்து, அதைச் சின்னச் சின்னப் பையில் போட்டு, மலைக்கு மேலே வைத்துக் கும்பிட்டது என்று சொல்லி, பஜாரில் கடைக்கு ஒன்றாகக் கொடுப்பார். மஞ்சள் துணியில் சிவப்பு ஓரம் வைத்து அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்தது நான்தான். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். கடைக்காரர்கள் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டி வைப்பார்கள். பஜாரில் நடந்து போகும்போது ஒவ்வொரு கடையிலும் தன் பை தொங்குகிறதா என்று சேனாதிபதியின் கண் ஒரு ஓட்டம் ஓடும். ஊரே தன் ஆசீர்வாதத்தில் பிழைக்கிறது போல ஒரு நடை நடப்பார்.

அந்த நடைக்குக் கண்பட்டது அறுபதாம் வருசம். படியும் வீசையும் ஒழிந்து கிலோவும் லிட்டரும் வந்த காலம். எடை, அளவுகளைச் சோதிக்க என்று சர்க்கார் ஒரு இன்ஸ்பெக்டரைக் கொடைக்கானலில் போட்டது. வந்தவர் குமாரவேல். யாரோ எவரோ என்றால் சேனாதிபதி பொறுத்துக்கொண்டிருப்பார். வந்தது அவருடைய சகலை. மனைவி விசாலாட்சியின் கூடப்பிறந்த தங்கை லீலாவைக் கட்டியவர்.

குமாரவேல் ஒல்லி, மெதுவாகப் பேசுவார், யாரிடமும் கோபப்பட மாட்டார். இந்த மூன்றும் சேனாதிபதிக்குப் பிடிக்காது. அதைவிடப் பிடிக்காதது அந்தப் பெட்டி. தேக்குப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட், வெல்வெட்டில் பள்ளம் பள்ளமாகப் பித்தளை எடைக்கற்கள். டவாலி போட்ட பியூன் அதைச் சுமந்து முன்னால் போக, பின்னால் குமாரவேல் போவார். அவர் பெட்டியைத் திறந்தால் பஜாரே எட்டிப் பார்க்கும். சேனாதிபதி பினாயில் டின்னைத் திறந்தால் பஜாரே மூக்கைப் பொத்தும். ஒரு வாரத்தில் ஊர் குமாரவேலுக்குக் கிலோ சார் என்று பெயர் வைத்துவிட்டது.

அடுத்த வாரம் சேனாதிபதி என் கடைக்கு வந்தார். புதுக் காக்கிக் கோட்டு ஒன்று வேண்டும் என்றார். அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது, ரொம்பச் சாதாரணமாக, அவன் கோட்டில் எத்தனை பை என்று கேட்டார். நாலு என்றேன். எனக்கு ஐந்து வை என்றார். ஐந்தாவது பையை எங்கே வைப்பது என்று நான் முழித்தேன். எங்கேயாவது வை என்றார். பிறகு பால் சோதிக்கிற லாக்டோமீட்டருக்கு ஆசாரியிடம் சொல்லி ஒரு தேக்குப் பெட்டி செய்தார். உள்ளே ஒட்ட என்னிடம் வெல்வெட் கேட்டார். நீலம் கூடாது, சிவப்பு. ஒரு கண்ணாடிக் குழாய்க்குச் சிவப்பு வெல்வெட் மெத்தை. பால்காரர்கள் முதல் நாள் அதைப் பார்த்து ஏதோ நகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, அந்த வருசத் தீபாவளிக்கு அவர்கள் பழனி போய்வரும் வரைக்கும். அங்கே மாமனார் கடைக்கு வந்த யாரோ பெரிய மனிதருக்கு இரண்டு மருமகன்களையும் அறிமுகம் செய்திருக்கிறார். பெரிய மாப்பிள்ளை முனிசிபாலிட்டி, சின்ன மாப்பிள்ளை கவர்ன்மெண்ட் என்றாராம். கிழவர் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் சேனாதிபதிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. வீடு திரும்பிய அன்று தகரத்துக்கு அந்தப் பக்கம் அதே வாக்கியத்தை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விசாலாட்சி, விடுங்க, அப்பாவுக்குப் பேசத் தெரியாது என்றாள். பேசத் தெரிந்ததால்தான் அப்படிப் பேசினார் என்று இவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பொறாமை என்ற சொல்லைச் சிலர் மறைத்து மறைத்துச் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்த மனிதருக்குப் பொறாமை. காலையில் எழுந்தால் பொறாமை, குளித்தால் பொறாமை, சோற்றைப் பிசைந்தால் பொறாமை. வாசலில் நின்றிருந்த இரண்டு மூன்று பேர் ஒருவராகக் குறைந்து, பிறகு அந்த ஒருவரும், சார், கிலோ சார் வீடு எது என்று கேட்க வந்தவராகிப் போனால் யாருக்குத்தான் வராது? வீசைக்குக் கொடுத்த விலையைக் கடைக்காரன் கிலோவுக்கு வாங்குகிறான் என்று ஊரெல்லாம் கூச்சலாக இருந்த நேரம். பெண்கள் கூட்டமாகக் குமாரவேலிடம் போனார்கள். அவர் பொறுமையாக விளக்கினார், கடை கடையாக ஏறி இறங்கினார், கள்ள எடைக்கற்களைப் பறிமுதல் செய்தார். ஊர் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. சேனாதிபதி அந்தச் சமயம் சந்தையில் அழுகிய முட்டைக்கோசை அள்ளச் சொல்லி நின்றுகொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் வேலப்பன் விவகாரம் வந்தது. என் கடைக்கு எதிரே மளிகை வைத்திருந்தவர் வேலப்பன். அப்பிராணி. அவர் கடையில் துவரம்பருப்பு வாங்கிய சிவபாக்கியம் அதை வீட்டில் நிறுத்துப் பார்த்தாள். சிவபாக்கியம் நாயுடுபுரத்தில் மெஸ் நடத்துகிறவள், சொந்தத் தராசு உண்டு. ஒவ்வொரு கிலோவிலும் கொஞ்சம் குறைந்தது. வெயில் நாளில் குறைவது கொஞ்சம், மூடுபனி நாளில் இன்னும் கொஞ்சம் அதிகம். குமாரவேலிடம் சொன்னாள். அவர் வந்து எடைக்கற்களைச் சோதித்தார், தராசைச் சோதித்தார். எல்லாம் இம்மியும் பிசகவில்லை. முத்திரை போட்டுவிட்டுப் போனார். மறுநாளும் பருப்பு குறைந்தது.

சிவபாக்கியம் பழைய நினைப்பில் சேனாதிபதி வாசலுக்கு வந்தாள். அவர் புகாரை வாங்கிக்கொண்டு விசாரித்திருக்கலாம். நிறுத்துக் கொடுப்பது தன் இலாகா இல்லை என்று அனுப்பியிருந்தாலும் குற்றமில்லை. ஆனால் அவர் வேறு மாதிரிப் பேசினார். நான் பல் விளக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"முத்திர போட்ட கல்லு எப்படிம்மா கொறையும்? போட்டவருக்குத்தான் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல."

நான் ஒண்ணும் சொல்லல என்று சொல்லிவிட்டால் எதையும் சொல்லலாம். சிவபாக்கியத்தின் மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது முழுக் கதையாகிவிட்டது. கிலோ சார் வேலப்பனிடம் வாங்குகிறார், வாங்கிக்கொண்டு முத்திரை போடுகிறார், சோதிக்க வருவதை முன்கூட்டிச் சொல்லி அனுப்புகிறார். யாரோ மதுரை ஆபீசுக்கு எழுதிப் போட்டார்கள். மேலதிகாரி நேரில் வந்து விசாரிக்கப் போவதாகத் தகவல் வந்தது. குமாரவேலுக்கு இன்னும் வேலை உறுதியாகவில்லை, தகுதிகாண் பருவம். பெயர் கெட்டால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

லீலா அக்காவிடம் வந்து அழுதாள். வயிற்றில் பிள்ளை ஆறாம் மாதம். அவர் ஒரு டீ கூட வெளியில் வாங்கிக் குடிக்க மாட்டாரே அக்கா என்றாள். பிறகு சேனாதிபதியைப் பார்த்து, நீங்கள் பழம் தின்று கொட்டை போட்டவர், பஜார் உங்கள் கைக்குள், ஒரு வார்த்தை விசாரியுங்கள் மச்சான் என்று கேட்டாள். அவர் சரி என்றார். தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்கே அந்தச் சரியில் உயிர் இல்லை என்று தெரிந்தது. சகலை கெட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதாக நான் சொல்ல மாட்டேன். குமாரவேல் கொஞ்சம் தடுமாறட்டும் என்று ஆசைப்பட்டார். தடுமாறுகிறவரைப் பார்க்கிற சுகத்துக்குக் காத்திருந்தார்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள். கார்த்திகை மழை விட்டு, மூடுபனி பஜாருக்குள் இறங்கிக் கிடந்தது. எதிர்க்கடை விளக்கு கூட மங்கலாகத்தான் தெரியும். சேனாதிபதி தன் சோலியாக வேலப்பன் கடைக்கு வந்தார். ஈரத்தில் பருப்பு புழுத்துப் போகும், அதைப் பார்ப்பது அவர் வேலை. அப்போது மலையடிவாரத்திலிருந்து வந்த செல்லாயி கடுக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். வேலப்பன் தட்டில் கொட்டி நிறுத்துக் காசு கொடுத்தார். அவள் முகமெல்லாம் சிரிப்பு. ஒட்டன்சத்திரத்து வியாபாரியைவிட இந்தக் கடைத் தராசுக்கு இரக்கம் ஜாஸ்தி, இங்கே என் கடுக்காய் கூடத்தான் நிற்கும் என்று சேனாதிபதியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

விற்கும்போது குறைகிற தராசு, வாங்கும்போது கூடுகிறது. வேலப்பன் திருடன் என்றால் தன் வீட்டிலேயே கன்னம் வைக்கிற திருடனாக இருக்க வேண்டும். சேனாதிபதி தராசை அண்ணாந்து பார்த்தார். வலது கைப் பக்கம், சரக்குப் போடும் தட்டின் சங்கிலி தண்டோடு சேருகிற இடத்தில், மஞ்சள் துணியில் சிவப்பு ஓரம் வைத்த பை ஒன்று தொங்கியது.

முதலில் அவருக்குப் பெருமையாக இருந்ததாம். மற்றவன் ஆணியில் மாட்டுகிறான், இவன் தராசிலேயே கட்டியிருக்கிறான் என்று. அவரே என்னிடம் சொன்னார். அந்தப் பெருமை போன பிறகுதான் மூளை வேலை செய்தது.

"இடது தட்டுல இருக்கிற கல்ல எடு வேலப்பா."

வேலப்பன் தயங்கினார். "வேணாங்க. காலித் தட்டு ஆடுனா யாவாரமும் ஆடிப்போயிரும். ஒரு கல்லாச்சும் எப்பவும் கெடக்கணும்ங்க."

"எடுப்பா."

எடுத்ததும் வலது தட்டு தானாக இறங்கி மேசையில் தட்டென்று உட்கார்ந்தது. பழைய தராசு அப்பா காலத்தது, ராசியானது, சர்க்கார் அதை மாற்றச் சொல்லிப் புதுசு வந்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் பழனித் திருநீற்றை வலது கையில் கட்டினேன் என்று வேலப்பன் விளக்கினார். பனிக்காலத்தில் திருநீறும் துணியும் ஈரம் குடித்துக் கனமாகும் என்று அவர் யோசித்ததே இல்லை.

"கிலோ சார் வர்றப்ப இது எங்க இருக்கும்?"

"கழத்தித் தாம்பாளத்துல வெச்சிருவேங்க. செருப்புக் காலோட வந்து தராசத் தொடுவாங்க, அதுல சாமி இருக்கலாமா? அவங்க போனதும் கையக் கழுவிட்டுக் கட்டிருவேன்."

"இதுக்கு எடை இருக்குமேப்பா."

வேலப்பன் அவரை ஏதோ தெய்வக் குற்றம் பேசியவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "திருநீத்துக்கு ஏதுங்க எடை?"

சேனாதிபதி கடையை விட்டு இறங்கிவிட்டார். பையை அங்கேயே அவிழ்த்துப் போட்டிருந்தால் மறுநாளிலிருந்து பருப்பு சரியாக நின்றிருக்கும். ஆனால் அதுவரைக்கும் குறைந்ததற்குக் காரணம் தெரிந்திருக்காது. பழி குமாரவேல் தலையிலேயே நின்றிருக்கும். அவரைக் காப்பாற்ற ஒரே வழி, நாலு பேர் நடுவில் அந்தப் பையைக் காட்டுவது. காட்டினால் அது யார் கொடுத்தது என்ற கேள்வி வரும். ஊருக்கே ஆசீர்வாதம் கொடுத்தவர்தான் ஊரின் பருப்பைக் குறைத்தவர் என்று ஆகும். முனிசிபாலிட்டி மாப்பிள்ளை கொடுத்த பையால் கவர்ன்மெண்ட் மாப்பிள்ளை வேலை போக இருந்தது என்று மாமனார் கடையில் பேசுவார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. உடம்புக்கு என்ன என்று விசாலாட்சி இரண்டு தரம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் அதிகாரி வந்தார். பளபளவென்ற பூட்ஸ், கையில் ஒரு பிரம்பு. வேலப்பன் கடை முன்னால் பெண்கள் கூட்டம், சிவபாக்கியம் பருப்புப் பொட்டலத்தோடு முன்வரிசையில். ஐந்து பை வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு சேனாதிபதியும் வந்து ஓரமாக நின்றார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. வேடிக்கை பார்க்கவா, வாய் திறக்கவா என்று முடிவு செய்யாமலேயே வந்திருந்தார்.

வேலப்பன் பயபக்தியோடு மஞ்சள் பையை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றித் தாம்பாளத்தில் வைத்தார். அதை எல்லோரும்தான் பார்த்தோம். யாருக்கும் அது ஒரு பொருளாகவே தோன்றவில்லை. வெல்வெட் பெட்டி திறந்தது. எடைக்கற்கள் சரி. தராசு முள் நடுவில் நின்றது. சிவபாக்கியத்தின் பொட்டலத்தைப் போட்டார்கள், குறைந்தது.

அதிகாரி குமாரவேல் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "கல்லு சரி, தராசு சரி. நாம வர்ற அன்னைக்கு மட்டும் எல்லாம் சரி. நாம வர்றோம்னு இவருக்கு யார் சொல்றது மிஸ்டர் குமாரவேல்?"

குமாரவேல் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் தேடிச் சேனாதிபதியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தெரியலீங்க சார் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், காது இரண்டும் சிவந்துவிட்டது.

அந்தக் காதுகளைச் சேனாதிபதியும் பார்த்தார். இவனுக்குத் தெரியும் என்பது அவருக்கு அந்த நிமிசத்தில் விளங்கிவிட்டது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். வேலை போனாலும் பரவாயில்லை என்று நிற்கிறான். சேனாதிபதி ஒரு ஆளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். தர்மம் செய்ய வந்தவர் முகமாக அது இல்லை, சண்டைக்கு வந்தவர் முகமாக இருந்தது.

"அந்தத் திருநீத்துப் பையத் திருப்பிக் கட்டச் சொல்லுங்க சார்."

வேலப்பன் மறுத்தார், அதிகாரி அதட்டினார், பை கட்டப்பட்டது. முள் சாய்ந்தது. அரைக்கால் ரூபாய் கூடப் பெறாத ஒரு பை, ஊரை இரண்டாக்கிய பை, தட்டை இழுத்துக்கொண்டு கீழே போனது. பையைத் தனியாக நிறுத்தார்கள். பனி ஈரத்தோடு ஐம்பது கிராமுக்கு மேலேயே இருந்தது. சிவபாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முருகா, என் பருப்பெல்லாம் உன் கணக்கிலா போச்சு என்றாள். கூட்டம் சிரித்தது.

இதைக் கொடுத்தது யார் என்று அதிகாரி கேட்டார்.

"நான்தாங்க. வருசா வருசம் பழனியில இருந்து கொண்டாந்து குடுக்கறது நான். குமாரவேல் மேல ஒரு தப்பும் கிடையாது." அதோடு நிறுத்தாமல் என் பக்கம் கையைக் காட்டி, பை தைத்தது இவர் என்று என்னையும் கோர்த்துவிட்டார்.

விசாரணை அதோடு முடிந்தது. வேலப்பனுக்குச் சின்ன அபராதம், தராசில் சாமி உட்பட எதையும் கட்டக்கூடாது என்று ஒரு உத்தரவு. குமாரவேல் பெயர் துடைத்த கண்ணாடி போல ஆனது. பெண்கள் சேனாதிபதியைச் சூழ்ந்துகொண்டார்கள். தன் பெயர் கெட்டாலும் சகலைக்காக உண்மையைச் சொன்ன மனிதர் என்று சிவபாக்கியமே சொன்னாள். இத்தனை நாளாக ஊர் வாயிலிருந்து வராதா என்று அவர் ஏங்கிய புகழ்ச்சி அது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு, செருப்புக்குள் கல் கிடக்கிறவரைப் போல நின்றார்.

நாயுடுபுரம் ஏற்றத்தில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். குமாரவேல் சேனாதிபதியை ஒட்டி நடந்து வந்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு ஒரு வாரமாவே தெரியும்ணே. செல்லாயி தேன்மெழுகு நிறுக்கறப்ப எதிர்ப் பக்கம் நின்னு பாத்தேன்."

"பாத்தா ஏண்டா சொல்லல? வேல போயிருந்தா?"

"அது உங்க கையால குடுத்த திருநீறு. அத எப்படிண்ணே நான் குத்தம்னு எழுதுவேன்? உங்களுக்கு இந்த ஊர்ல இருக்கிற மரியாதை எனக்கு முக்கியம்ணே."

சேனாதிபதி நடையை எட்டிப் போட்டார். நானும் குமாரவேலும் பின்தங்கிவிட்டோம்.

குமாரவேலுக்கு வேலை உறுதியாயிற்று. லீலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது, சேனாதிபதி என்றே பெயர் வைத்தார்கள். பெரிய சேனாதிபதிக்கு அதுவும் ஒரு அடி. இரண்டு வருசம் கழித்து குமாரவேலை ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றினார்கள். அந்த மார்க்கெட்டின் தராசுகளுக்கு முன்னால் எங்கள் பஜார் பொம்மைக் கடை. செல்லாயி மட்டும், வேலப்பன் தராசு இப்போது கருமியாகப் போய்விட்டது என்று ரொம்ப நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். சேனாதிபதி அதன் பிறகும் தைப்பூசத்துக்குப் போனார், திருநீறு கொண்டுவந்தார். பை தைக்க மட்டும் என்னிடம் கொடுக்கவில்லை, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வாசலில் மறுபடியும் இரண்டு மூன்று பேர் புகாரோடு நின்றார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் நின்றார்கள். மாமனார் கடையில் அறிமுகம் மாறியது என்றும் கேள்வி: பெரிய மாப்பிள்ளை, சின்னவர் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்.

ஆனால் அவர் என்றால் எனக்கு நினைவில் நிற்பது விசாரணை நடந்த அன்று சாயங்காலம் தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டதுதான். விசாலாட்சி அன்று ஒரு விருந்து மாதிரி சமைத்திருந்தாள். வாசனையிலேயே எனக்குத் தெரிந்தது. லீலா வந்து மச்சான் காலில் விழுந்துவிட்டுப் போயிருந்தாள். விசாலாட்சியின் குரலில் கல்யாணமான புதிதில் கூட நான் கேட்டிராத ஒரு குழைவு. இலை போட்டாள். பரிமாறினாள்.

"அப்பா இங்க வந்து பாத்திருக்கணும்ங்க. எம் புருசனுக்கு இருக்கிற மனசு யாருக்கு வரும்?"

அவர் சாப்பிடுகிற சத்தம் நின்றது.

"நீ நெனைக்கிற மாதிரி இல்ல விசாலம். அவன் வேலை போனாப் போகட்டும்னுதான் இன்னைக்குக் காலையில வரைக்கும் இருந்தேன்." தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்த சத்தம் கேட்டது. "எனக்காக அவன் வாய மூடிட்டு நின்னான் பாரு. அதுலயும் அவன் ஜெயிக்கிறத என்னால பாத்துட்டு இருக்க முடியல. அதான் சொன்னேன்."

விசாலாட்சி ரசம் ஊற்றுகிற சத்தம் கேட்டது.